படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வச்சா ஸ்காலர்ஷிப்பும் போயிடணுமா? எந்த வழி நமக்கு ஒத்துவரும்னு பாக்கலாம்

காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கற பொண்ணு ஒருத்தி, அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி படுத்த படுக்கை, தம்பி எட்டாவது படிக்கறான், அப்பா இல்ல, ஒரு ஆறு மாசம் நின்னுட்டு வந்து படிக்கறேன்னு காலேஜ் ஆபீஸ்ல போய் கேட்டா என்ன பதில் வரும்னு நினைக்கறீங்க. "டிசி வாங்கிட்டுப் போம்மா, அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்ணிக்கோ." எங்க ஏரியால பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட்டுக் குடுக்கறது நான்தான், அதனால இந்த பதில் எனக்கு நல்லா பழக்கம். டிசி கையில வாங்கின அன்னைக்கே அந்தப் பொண்ணு அரசாங்கத்தோட கணக்குல மாணவி கிடையாது, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் வர்ற ஆயிரம் ரூபா நின்னுடும், திரும்பி வந்து முதல் வருஷத்துல சேர்ந்தா அது புது அட்மிஷன், பழைய ரெண்டு வருஷத்துக்கு வாங்கின பணத்தை எப்படிக் கணக்கு பாப்பாங்கன்னு அந்த ஆபீஸ்லயே யாருக்கும் தெரியாது.

இதை மாத்தணும்னு நிறைய பேர் பேசறாங்க, ஆனா எப்படி மாத்தணும்ங்கறதுல ஆளுக்கு ஒரு கருத்து. நான் பாத்த வரைக்கும் நாலு வழி இருக்கு, ஒவ்வொண்ணும் எங்கயாவது உண்மையிலயே ஓடிட்டு இருக்கு, அதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசறேன்.

முதல்ல நம்ம ஊர் நிலைமை என்னன்னு பாத்துடுவோம், ஏன்னா பாதி பேருக்கு இதுவே தெரியல. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்னைக்கு ஆரம்பிச்சது, 6 லேர்ந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா, நேரா அவங்க பேங்க் அக்கவுண்டுக்கு. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 கோயம்புத்தூர்ல தொடங்கினாங்க. ரெண்டுமே இடைநிற்றல் இல்லாம படிச்சு முடிக்கற வரைக்கும்ங்கற எண்ணத்துல போட்ட திட்டம். எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம், பொண்ணுங்க பாதியில நிக்கக்கூடாதுன்னுதானே போட்டாங்க, ஆனா வேற வழியே இல்லாம ஒரு செமஸ்டர் நிக்க வேண்டி வந்தவளுக்கு அந்த எண்ணமே எதிரா திரும்புது. அப்புறம் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கறவங்களுக்கான ஸ்காலர்ஷிப், எஸ்சி பசங்களுக்கு அந்தப் பணத்துல 60 சதவீதம் சென்ட்ரல் 40 சதவீதம் ஸ்டேட், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல என்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்குப் போற அரசுப் பள்ளிப் பசங்களுக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது. முதல் பட்டதாரி சலுகை தனி.

இதுல போஸ்ட் மெட்ரிக்ல ரொம்ப நாளா இருக்கற ரெண்டு விதியை எல்லாரும் படிக்கணும். ஒண்ணு, உடம்பு சரியில்லாமலோ எதிர்பாராத வேற காரணத்தாலயோ வருஷப் பரீட்சை எழுத முடியலைன்னா மெடிக்கல் சர்ட்டிபிகேட் மாதிரி ஆதாரம் குடுத்து, எழுதியிருந்தா பாஸ் ஆகியிருப்பாங்கன்னு பிரின்சிபாலும் சான்று குடுத்தா, அடுத்த வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப்பை புதுப்பிக்கலாம். இன்னொண்ணு, வருஷத்துக்கு நடுவுல படிப்பை விட்டுட்டா வாங்கின பணத்தை திருப்பிக் கட்டச் சொல்ற அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கு. அதாவது காய்ச்சல்ல படுத்தவனுக்குக் கதவு திறந்திருக்கு, அம்மாவைப் பாத்துக்க வீட்ல நின்னவளுக்கு எந்தப் பக்கம்னு தெளிவா எழுதல. நடைமுறையில இது அந்தந்த காலேஜ் கிளார்க்கும் பிரின்சிபாலும் எப்படிப்பட்ட ஆளுங்கங்கறதைப் பொறுத்துப் போகுது, ஒரே ஊர்ல ரெண்டு காலேஜ்ல ரெண்டு விதமா நடக்கறதைப் பாத்திருக்கேன்.

இதே நேரத்துல படிப்புப் பக்கம் பாருங்க, அண்ணா யுனிவர்சிட்டி இதை எவ்வளவோ முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கு. பிரேக் ஆஃப் ஸ்டடின்னு முறையா எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கினா ரெண்டு செமஸ்டர் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம், ரொம்ப அசாதாரணமான நிலைமைன்னா அதுக்கு மேலயும் கேக்கலாம், பிரேக்ல இருக்கற காலத்துக்கு ஃபீஸ் கிடையாது, வேலைக்குப் போகவோ சொந்தமா ஸ்டார்ட்அப் தொடங்கவோ கூட ஒரு வருஷம் கேக்கலாம். பி.இ. முடிக்க மொத்தம் 7 வருஷம் டைம். அதைவிட முக்கியமா, ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்க்ஷன் வாங்கறதுக்கு 5 வருஷம்னு கணக்கு வச்சிருக்காங்க, அந்த 5 வருஷத்துல ஒரு வருஷ பிரேக்கும் அடக்கம், அதனால நீங்க முறையா நின்னுட்டு வந்தா உங்க டிகிரியில ஒரு கறை கூட கிடையாது. படிப்போட கடிகாரத்தை நிறுத்தி வைக்க நமக்குத் தெரியும், பணத்தோட கடிகாரத்தை மட்டும் ஓட விட்டுட்டோம். என் மொத்த வருத்தமும் இதுதான்.

சரி இப்போ வழிகளுக்கு வரேன்.

ஒரு வழி, காரணங்களை லிஸ்ட் போட்டு எழுதி வைக்கறது. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல டாப்ஸ்னு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு, அங்க விடாம தொடர்ந்து முழு நேரமா படிக்கணும், ஆனா விதிவிலக்குன்னு நீளமா ஒரு பட்டியலே வச்சிருக்காங்க. குழந்தை பிறந்தா ஒரு கல்வி ஆண்டு வரைக்கும், தற்காலிகமா உடம்பு முடியாமப் போனா ரெண்டு வருஷம் வரைக்கும், நெருங்கின உறவுல சாவுன்னா ஒரு செமஸ்டர், ராணுவ சேவை, மத சேவை, இயற்கைப் பேரிடர், இப்படி ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு காலம், என்ன பேப்பர் குடுக்கணும்னு எழுதியிருக்கு. கத்ரீனா புயலைப் பாத்த மாநிலம், அதனால பேரிடர் அதுல இருக்கறது ஆச்சரியமில்ல. இதுல பெரிய நல்லது என்னன்னா கிளார்க்கோட மூடைப் பொறுத்து எதுவும் கிடையாது, லிஸ்ட்ல இருக்கா, பேப்பர் இருக்கா, முடிஞ்சது. நம்ம ஊர் ஆபீஸ்களுக்கு இது ரொம்ப செட் ஆகும்னு முதல்ல தோணும், ஜி.ஓ., அதாவது அரசாணை போட்டு பட்டியல் குடுத்துட்டா எந்த ஆபீஸரும் பயப்படாம கையெழுத்து போடுவாரு.

ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம பசங்க நிக்கற காரணம் அந்த மாதிரி பேப்பர்ல வருமா? அப்பா குடிச்சுட்டு வீட்ல ரகளை, பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ஆறு மாசம் போய் கடனை அடைச்சுட்டு வரான், இதுக்கு யார் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. ஒரு பொண்ணுக்கு மனசு சரியில்ல, ராத்திரி தூக்கமில்ல, கிளாஸ்ல உக்கார முடியல, அதை டாக்டர்கிட்டயே சொல்லாத வீடு அது, காலேஜ்ல லெட்டரா எழுதிக் குடுப்பாளா. கல்யாணமாகி மாசமா இருக்கற பொண்ணுக்காவது சொல்லிக்க ஒரு இடம் இருக்கு, 2021 டிசம்பர்ல யுஜிசி யூஜி பிஜி மாணவிகளுக்கும் மெட்டர்னிட்டி லீவு, அட்டெண்டன்ஸ் தளர்வு குடுக்க விதி போடுங்கன்னு எல்லா யுனிவர்சிட்டிக்கும் எழுதுச்சு. மத்தவங்களுக்கு? லிஸ்ட்ல இல்லாத காரணம்னா காரணமே இல்லைங்கற மாதிரி ஆயிடும். ரொம்ப கஷ்டத்துல இருக்கறவங்கதான் பேப்பர் காட்ட முடியாதவங்க, லிஸ்ட் முறையில முதல்ல வெளிய விழறதும் அவங்கதான்.

இன்னொரு வழி, முடிவை காலேஜ்கிட்டயே விட்டுட்டு, மேல ஒரு அப்பீல் வைக்கறது. டென்னசி மாநிலத்துல ஹோப் ஸ்காலர்ஷிப் இப்படித்தான். அங்கயும் தொடர்ந்து படிக்கணும்ங்கறதுதான் விதி, ஆனா மெடிக்கல் காரணமோ சொந்தக் காரணமோ இருந்தா காலேஜ்கிட்ட லீவ் ஆஃப் ஆப்சன்ஸ் கேக்கலாம், குடும்பத்துல பணக்கஷ்டம் கூட ஏத்துக்கக்கூடிய காரணம்தான். காலேஜ் இல்லைன்னு சொன்னா அங்கயே ஒரு ரிவ்யூ பேனல் இருக்கு, அதுக்கும் மேல மாநில அளவுல ஒரு பேனல் இருக்கு. மனுஷனை மனுஷன் பாத்து முடிவெடுக்கற முறை, லிஸ்ட்ல அடங்காத கதையும் இதுல அடங்கும். எனக்கு இதுல பிடிச்சது அந்த அப்பீல்தான், நம்ம ஊர்ல பிரின்சிபால் முடியாதுன்னு சொல்லிட்டா கேஸ் முடிஞ்ச மாதிரி, அதுக்கு மேல யார்கிட்ட போறதுன்னே ஒரு பையனுக்குத் தெரியாது.

பிடிக்காதது என்னன்னா, நம்ம காலேஜ்ல யார் யாருக்கு லீவு கிடைக்கும்னு நமக்கே தெரியும். ஹெச்.ஓ.டி.கிட்ட நல்ல பேர் எடுத்தவன், அப்பா ஊர்ல ஏதோ ஒரு பொறுப்புல இருக்கறவன், இங்கிலீஷ்ல லெட்டர் எழுதத் தெரிஞ்சவன். கடைசி பெஞ்சுல ஏற்கனவே நாலு அரியரோட இருக்கறவன் போய் நின்னா "நீ படிக்கற அழகுக்கு பிரேக் வேறயா"ன்னு ஒரு வார்த்தை வரும், அவன் அதோட திரும்பிப் பாக்காம போயிடுவான். அது போக தனியார் காலேஜுக்கு வேற ஒரு கணக்கு இருக்கு, சீட் காலியா நின்னா ஃபீஸ் நஷ்டம், அதனால பிரேக் குடுக்கறதுல அவங்களுக்கு ஆர்வமே இருக்காது.

மூணாவது, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்தோட வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். அங்கயும் ஸ்காலர்ஷிப் பேரு ஹோப்தான், 1993ல லாட்டரி பணத்துல ஆரம்பிச்சது. அங்க நீங்க ஏன் நின்னீங்கன்னு யாரும் கேக்கறதில்ல. ஹை ஸ்கூல் முடிச்சதுலேர்ந்து இத்தனை வருஷம்னு ஒரு ஜன்னல் திறந்து வச்சிருக்காங்க, முன்னாடி 7 வருஷம், 2019ல வந்த மாற்றத்துக்கு அப்புறம் சேர்றவங்களுக்கு 10 வருஷம். அந்த ஜன்னலுக்குள்ள மொத்தம் 127 கிரெடிட் ஹவர்ஸ் (எவ்வளவு பாடம் படிச்சோம்னு எண்ணற கணக்கு) வரைக்கும் பணம் உண்டு, நடுவுல ஒரு வருஷம் வேலைக்குப் போனாலும் சரி, பாட்டியைப் பாத்துக்கிட்டாலும் சரி, வந்து மறுபடி சேரலாம், மார்க் சராசரி மட்டும் 4க்கு 3.0க்கு குறையாம இருக்கணும், அதை 30, 60, 90 ஹவர்ஸ்ல செக் பண்ணுவாங்க. ஸ்காலர்ஷிப்பை காலண்டரை வச்சு எண்ணாம, படிச்ச படிப்பை வச்சு எண்ணறாங்க. ஒரு பொண்ணுக்கு பி.காம்.ல ஆறு செமஸ்டருக்குப் பணம் குடுக்கறதுன்னு அரசாங்கம் முடிவு பண்ணியாச்சு, அந்த ஆறு செமஸ்டரை மூணு வருஷத்துல முடிச்சாலும் நாலு வருஷத்துல முடிச்சாலும் குடுக்கற உதவித்தொகை அதேதான், அரசாங்கத்துக்கு அதுல கூடுதல் செலவு பெருசா எங்க இருக்கு சொல்லுங்க.

ஆனா ஜார்ஜியாவை அப்படியே காப்பி அடிக்கவும் கூடாது. 10 வருஷம் டைம் இருக்குன்னு சொன்னா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? "அதான் பத்து வருஷம் இருக்கே, இப்போ நல்ல வரன் வந்திருக்கு, கல்யாணத்தை முடிச்சுட்டு அப்புறமா படி." அப்புறம் எங்க படிக்கறது. பையனா இருந்தா "இன்னும் ஒரு வருஷம் வேலைக்குப் போயேன், கடன் பாக்கி இருக்கே." தேதி இல்லாத இடைவெளி நம்ம ஊர்ல நிரந்தரமா ஆயிடறது ரொம்ப சுலபம். பிரேக் வேண்டாம்னு சொல்றவங்க நியாயத்தை நான் ஒத்துக்கறேன், நிறுத்தி வைக்க வழி பண்ணினா நிறைய பேர் நின்னுடுவாங்கங்கற பயம் பொய்யான பயம் இல்ல, அதுவும் பொண்ணுங்க விஷயத்துல.

அதனாலதான் திரும்பி வர்ற தேதி முக்கியம்னு சொல்றேன். ஒரு பேப்பர்ல, அரசாங்க முத்திரையோட, "இந்த மாணவிக்கு ஜூன் மாசம் மூணாவது செமஸ்டர்ல இடம் இருக்கு, உதவித்தொகை அன்னைக்கே தொடரும், சேராட்டி ரத்தாகும்"னு இருந்துச்சுன்னா, அந்தப் பேப்பரை அவ வீட்ல காட்டிப் பேசலாம். சும்மா நான் படிக்கணும்னு சொல்ற பொண்ணோட பேச்சை விட, ஜூன்ல போகலைன்னா கவர்மெண்ட் பணம் போயிடும்பான்னு சொல்ற பொண்ணோட பேச்சுக்கு மாமா சித்தப்பா எல்லாரும் கொஞ்சம் நின்னு காது குடுப்பாங்க. ஆயிரம் ரூபாவுக்கு இருக்கற மரியாதையை நான் நேர்ல பாத்திருக்கேன், மாசம் ஒரு தடவை அக்கவுண்ட்ல விழுற மெசேஜை வச்சே எத்தனையோ வீட்ல பொண்ணோட படிப்பு ஓடிட்டு இருக்கு.

நாலாவது வழி சென்ட்ரல்ல சொல்ற மல்டிபிள் என்ட்ரி எக்ஸிட், அதாவது படிப்புல நடுவுல வெளிய போய் திரும்ப வர்ற முறை, 2020 கல்விக் கொள்கையில வந்தது, படிச்ச பாடத்துக்கான கிரெடிட் எல்லாம் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்ங்கற கணக்குல சேர்ந்துக்கிட்டே இருக்கும், ஒரு வருஷத்துல போனா சர்ட்டிபிகேட், ரெண்டு வருஷத்துல போனா டிப்ளமா, மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வரலாம், மொத்தம் 7 வருஷத்துக்குள்ள முடிக்கணும். இதைப் பத்தி ரொம்ப பேச எனக்கு ஒண்ணும் இல்ல. தமிழ்நாட்டுல இதுக்கு இருக்கற எதிர்ப்பு, போறவனை ஒரு சர்ட்டிபிகேட் குடுத்து அனுப்பி வைக்கற மாதிரி ஆயிடும்ங்கறது, அது நியாயமாத்தான் படுது. கிரெடிட் பத்திரமா இருக்கும்னு சொல்றாங்க, ஸ்காலர்ஷிப் பத்திரமா இருக்குமான்னு கேட்டா அதுக்கு இதுல பதிலே கிடையாது. பணம் இல்லாம நின்னவனுக்கு கிரெடிட்டை மட்டும் காப்பாத்திக் குடுத்து என்ன பண்றது.

இப்போ எல்லாத்தையும் வச்சு நான் எதை எடுப்பேன்னா, அடித்தளம் ஜார்ஜியா மாதிரி, அதாவது செமஸ்டர் எண்ணிக்கையில பணம், மொத்தம் முடிக்க 7 வருஷம், இது அண்ணா யுனிவர்சிட்டி பி.இ.க்கு ஏற்கனவே வச்சிருக்கற அதே எல்லை. அதுக்குள்ள எப்போ வேணும்னாலும் ரெண்டு செமஸ்டர் வரைக்கும் காரணமே கேக்காம பிரேக், ஆனா திரும்பி வர்ற தேதியோட. ரெண்டு செமஸ்டரைத் தாண்டி வேணும்னா மட்டும் காரணம் சொல்லணும், அந்தக் காரணத்தை டென்னசி மாதிரி காலேஜ் பாக்கட்டும், மறுத்தா மாவட்ட அளவுல அப்பீல் இருக்கட்டும். லூசியானா லிஸ்டை கீழ் எல்லையா மட்டும் வச்சுக்கலாம், இந்தக் காரணங்களுக்கு எந்தக் காலேஜும் முடியாதுன்னு சொல்லவே கூடாதுன்னு, பிரசவம், வெள்ளம், வீட்ல சாவு இந்த மாதிரி.

பணத்தைத் திருப்பிக் கட்டற விஷயமும் சரி பண்ணணும். ஃப்ளோரிடாவுல பிரைட் ஃபியூச்சர்ஸ் வாங்கறவங்க நடுவுல கோர்ஸை டிராப் பண்ணினா அதுக்கான பணத்தைத் திருப்பிக் கட்டணும், அங்க இருக்கற மாணவன் பார்ட் டைம் வேலை பாத்து அதைக் கட்டிடலாம்னே வச்சுக்குவோம். இங்க நடு செமஸ்டர்ல நின்ன பையன்கிட்ட வாங்கினதைக் கட்டுன்னா, அவன் அந்தக் காலேஜ் வாசலையே மிதிக்க மாட்டான். முறையா பிரேக் எழுதிக் குடுத்தவங்களுக்கு ரிக்கவரி கிடையாதுன்னு ஒரு வரி எழுதினா போதும், பயமில்லாம முன்கூட்டியே வந்து சொல்லுவாங்க. இப்போ சொல்லாம கொள்ளாம காணாமப் போறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த பயம்தான்னு எனக்குத் தோணுது.

இந்த மாற்றம் எல்லாம் வர்ற வரைக்கும் இப்போ நிக்க வேண்டிய நிலைமையில இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னா, தம்பி தங்கச்சிகளா, முதல்ல டிசி வாங்காதீங்க, யார் சொன்னாலும் வாங்காதீங்க. நிக்கறதுக்கு முன்னாடி அட்டெண்டன்ஸ் எண்ணிப் பாருங்க. அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்னா 75 சதவீதம் வேணும், மெடிக்கல் மாதிரி காரணம் இருந்தா 65 வரைக்கும் காண்டொனேஷன், அதாவது அட்டெண்டன்ஸ் தளர்வு வாங்கலாம், மூணு வாரம் நாலு வாரம் பிரச்சனைன்னா இதுலயே தப்பிச்சுடலாம், ஸ்காலர்ஷிப்பையும் யாரும் தொட மாட்டாங்க. அதுக்கும் கீழ போகும்னு தெரிஞ்சா செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடியே பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு எழுதிக் குடுங்க, அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சை எழுத விடாம டிடெய்ன் பண்ணினதுக்கு அப்புறம் கேட்டா அந்த செமஸ்டர் முறையான பிரேக் கணக்குல வராது, இதுல நிறைய பேர் ஏமாந்துட்டாங்க. ஆர்ட்ஸ் காலேஜ்ல விதி யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும், உங்க யுனிவர்சிட்டி ரெகுலேஷனை எடுத்து அந்தப் பக்கத்தை பிரிண்ட் போட்டு கையில வச்சுக்கிட்டுப் போங்க, வாயால சொன்னா "அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்றவங்க பேப்பரைப் பாத்தா கொஞ்சம் யோசிப்பாங்க. குடுக்கற லெட்டர்ல ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. போஸ்ட் மெட்ரிக் வாங்கறவங்க, உடம்பு காரணம்னா மெடிக்கல் சர்ட்டிபிகேட்டை அப்பவே வாங்கி பிரின்சிபால்கிட்ட குடுத்துடுங்க, ஒரு வருஷம் கழிச்சு பழைய தேதிக்கு யாரும் தர மாட்டாங்க. பேங்க் அக்கவுண்டை அப்படியே தூங்க விட்டுடாதீங்க, ரெண்டு வருஷம் நீங்க அதுல எதுவும் பண்ணலைன்னா செயல்படாத கணக்கா மாத்திடுவாங்க, திரும்பி வர்ற நேரத்துல ஆதார் இணைச்ச அக்கவுண்ட் உயிரோட இல்லைன்னா பணம் வர்றதுக்கு மறுபடி அலைச்சல். நூறு ரூபா போட்டு எடுத்தாக்கூட போதும்.

அரசாங்கத்துல இதை யார் முதல்ல செய்யணும்ங்கறதுக்கும் எனக்கு ஒரு கருத்து இருக்கு. போஸ்ட் மெட்ரிக் ஒரு துறை, பிசி எம்பிசி பசங்களோட ஸ்காலர்ஷிப் இன்னொரு துறை, 7.5ம் முதல் பட்டதாரியும் வேற கணக்கு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து முடிவெடுக்கட்டும்னு விட்டா வருஷக்கணக்கா இழுக்கும், சென்ட்ரல் பணம் கலந்த இடத்துல டெல்லியையும் கேக்கணும். புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் மாநிலத்தோட சொந்தப் பணம், சமூக நலத்துறை ஒரே துறை, பணம் நேரா மாணவர் கைக்குப் போகுது, காலேஜ் ஃபீஸோட எந்தச் சிக்கலும் இல்ல. மாணவர் விவரம் எல்லாம் ஏற்கனவே யுமிஸ்ங்கற அரசாங்க ஆன்லைன் பதிவுல இருக்கு, அதுல பிரேக் தொடங்கற தேதி, திரும்பற தேதின்னு ரெண்டே ரெண்டு விவரம் தெளிவா ஏறி, அதை வச்சு பணம் தானா நின்னு தானா தொடங்கணும், திரும்ப சேர்ந்த பொண்ணு மறுபடி முதல்லேர்ந்து அப்ளிகேஷன் போடற நிலைமை இருக்கக்கூடாது. ஒரு ஜி.ஓ.ல முடியற வேலை, அடுத்த ஜூன் அட்மிஷனுக்கு முன்னாடியே போடலாம்.